திருமலைப் பகடைக் கதையும் தென்னக ஆட்டத் தொன்மங்களும்: ஒரு குறியீட்டியல் நோக்கு

முன்னுரை

தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் தமிழ்கூறு நல்லுலகத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைச் சுட்டுகின்றது. எல்லை என்பது இரு நிலங்கள் பிரியும் இடம் மட்டுமன்று. இரு நிலத்து மக்களும் சந்திக்கும் இடமும் அதுவே. ஆழ்வார்களின் தமிழும், தாள்ளபாக்கம் அன்னமாச்சார்யாவின் தெலுங்கும், விசயநகர வேந்தரின் கன்னடமும், வடநாட்டு வைராகிகளின் இந்தியும் ஒலித்த மலை திருமலை ஆகும். அம்மலையில் வழங்கும் கதைகளுள் ஹாதிராம் பாவாஜி என்னும் வடநாட்டுத் துறவியோடு வேங்கடவன் இரவுதோறும் பகடையாடினான் என்னும் கதை தனித்தன்மை உடையது. இன்றும் திருப்பதிக் கடைவீதிகளில் விற்கப்படும் படங்களில் இறைவனும் துறவியும் பலகையின் இருமருங்கும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் காட்சியைக் காணலாம்.

இக்கதை பக்தர்களிடையே பரவிய அளவிற்கு ஆய்வுலகின் கவனத்தைப் பெறவில்லை. வரலாற்றாசிரியர்கள் இதனைச் சான்றில்லாத புனைவு என ஒதுக்குவதும், சமய நூலார் இதனை அருள்நிகழ்வு என ஏற்று அமைவதும் இயல்பாக உள்ளன. இவ்விரு நிலைகளிலும் கதையின் நடுவே உள்ள ஆட்டப்பலகை பேசப்படாமல் போகின்றது. தெய்வம் அடியவனைக் காண வருவதாகக் கூறப் பல வழிகள் இருக்க, ஆட்டத்தைக் கதை தேர்ந்துகொண்டது ஏன் என்பதும், அவ்வாட்டம் எதன் குறியீடாக நிற்கின்றது என்பதும், அக்கதையைத் தாங்கிய மடம் 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலை ஆண்ட வரலாற்றோடு அக்குறியீடு எவ்வாறு பொருந்துகின்றது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. ஒப்பீட்டிற்காகத் திருப்பூவனூர், அம்பலப்புழை ஆகிய தலங்களின் சதுரங்கக் கதைகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

தமிழ் மரபில் ஆட்டக்களமும் தெய்வமும்

பலகையில் காய் வைத்து ஆடும் ஆட்டங்களைக் குறிக்க வல், வட்டு, கவறு, சூது எனப் பல சொற்கள் பழந்தமிழில் வழங்கின. திருவள்ளுவர் சூது என ஓர் அதிகாரமே (94) வகுத்து அதன் கேட்டினை விரித்துரைத்தார். ஆயினும் கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில் (401), நூலறிவு நிரம்பாதவன் அவையில் பேசப் புகுவதைக் களம் வகுக்காமல் வட்டாடுவதற்கு அவர் ஒப்பிடுகின்றார். ஆட்டம் தீது என்றவரே ஆட்டத்திற்கு வரையறுத்த களம் வேண்டும் என்பதை அறிவுக்கு உவமையாக்கியமை கருதத்தக்கது. பொருளை இழக்கச் செய்யும் சூது வேறு, விதியும் களமும் உடைய ஆட்டம் வேறு என்னும் வேறுபாடு தமிழ் மரபில் தொடக்கம் முதலே இருந்தமையை இதனால் அறியலாம்.

ஆட்டக்களமும் தெய்வமும் ஒரே இடத்தில் அமையும் காட்சியைப் புறநானூற்றின் 52ஆம் பாடல் காட்டுகின்றது. மருதன் இளநாகனார் பாடிய அப்பாடலில் பகைவர் நாட்டின் பாழடைந்த பொதியில் ஒன்று வருணிக்கப்படுகின்றது. தெய்வம் தான் உறைந்த தூணைக் கைவிட்டுப் போயிற்று, பலியிடுவாரும் இல்லை. முன்பு நரைத்த முதியோர் காய்களை வைத்து வைத்துக் குழிந்துபோன ஆட்டக்களத்தில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. காயைக் குறிக்க ‘நாய்’ என்னும் சொல் அங்கு ஆளப்படுகின்றது. ஓர் ஊர் வாழ்கின்றது என்பதற்குத் தெய்வம் உறையும் தூணும் முதியோர் ஆடும் பலகையும் ஒருசேரச் சான்றாவதையும், ஊர் அழிந்தது என்பதற்கு அவ்விரண்டின் வெறுமையே அடையாளமாவதையும் இப்பாடல் உணர்த்துகின்றது. தெய்வம் நீங்கினால் ஆட்டமும் நின்றுபோகும் என்பது இதன் குறிப்பு எனலாம். திருமலைக் கதையிலோ தெய்வமே ஆட்டத்தைத் தேடி வருகின்றது.

வடமொழிப் புராண மரபில் சிவனும் உமையும் பகடையாடிய கதை பெரிதும் பரவியது. எல்லோராக் குடைவரைகளில் அக்காட்சி சிற்பமாக்கப்பட்டுள்ளது. அங்கு ஆடுவோர் இருவரும் தெய்வங்களே. ஆட்டம் கயிலைக்குள் நிகழும் ஊடலின் பகுதியாகும். மனிதன் ஒருவன் தெய்வத்தின் எதிரே அமர்வது அதனின் வேறான அமைப்பு. அவ்வமைப்பே திருமலை, அம்பலப்புழை ஆகிய தலங்களின் கதைகளில் காணப்படுகின்றது. திருப்பூவனூரில் எதிரே அமர்பவள் மனித மகளாக வளர்ந்த தேவி ஆவாள்.

சொக்கட்டானும் சதுரங்கமும்

திருமலைக் கதையில் வரும் ஆட்டம் பகடை, சொக்கட்டான், தாயம் எனப் பலவாறு சொல்லப்படுகின்றது. தெலுங்கில் பாச்சிகலு என்பர். சிலுவை வடிவில் நான்கு கைகளைக் கொண்ட துணி அல்லது பலகை, ஒவ்வொரு கையிலும் மூன்று வரிசைகளாக 24 கட்டங்கள், நான்கு நிறங்களில் நான்கு நான்காக 16 காய்கள் என்பன சொக்கட்டானின் அமைப்பு. பகடையை உருட்டி விழும் எண்ணிற்கேற்பக் காய்கள் களத்தைச் சுற்றிவந்து நடுவிலுள்ள இல்லத்தில் ஏற வேண்டும். வெட்டுண்ட காய் மீண்டும் முதலிலிருந்து புறப்படும். புறப்பட்ட இடத்திற்கே திரும்பிச் சேர்வது இவ்வாட்டத்தின் முடிவாகும்.

சதுரங்கம் 64 கட்டங்களில் யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளை நிறுத்தி அரசனைக் காக்கும் ஆட்டம். அதில் பகடைக்கு இடமில்லை. வெற்றி ஆடுவோரின் சூழ்ச்சித் திறனைப் பொறுத்தது. எனினும் இவ்விரு ஆட்டங்களும் தொடக்கத்தில் இன்று தோன்றும் அளவிற்கு விலகியிருக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, நால்வர் அமர்ந்து பகடை உருட்டி ஆடும் சதுரங்க வகையொன்றை விவரிக்கின்றார். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், அரசனுக்குரிய பொழுதுபோக்குகளைக் கூறுமிடத்துப் பகடையாட்டத்தையும் சதுரங்கத்தையும் ஒருங்கே பேசுகின்றது. ஆகவே ஒரு கதை இவற்றுள் எதனைத் தேர்கின்றது என்பது பொருளுடைய தேர்வாகவே கொள்ளத்தக்கது.

சதுரங்கத்தில் இருவர் எதிரிகளாக அமர்வர். ஒருவன் வென்றால் மற்றவன் தோற்றாக வேண்டும். பகடையிலும் வெற்றி தோல்வி உண்டு. ஆனால் உருளும் பகடையின்முன் அறிஞனும் பேதையும், அரசனும் ஆண்டியும் ஒரு தன்மையர். சதுரங்கம் தகுதியை அளக்கும் ஆட்டம் என்றால் பகடை தகுதியைக் கணக்கிலெடுக்காத ஆட்டம் எனலாம். இவ்வேறுபாடு பின்வரும் கதைகளில் தெளிவாக வெளிப்படுகின்றது.

ஹாதிராம் பாவாஜி கதை

வழங்கிவரும் கதையின் சுருக்கம் வருமாறு. கி.பி. 1500ஐ ஒட்டிய காலத்தில் வடநாட்டிலிருந்து வைராகித் துறவி ஒருவர் திருமலைக்கு வந்தார். கோயிலின் அருகே மடம் அமைத்துத் தங்கி நாள்தோறும் வேங்கடவனை வழிபட்டார். மடத்தில் தனியே அமர்ந்து, இறைவன் எதிரே இருப்பதாகக் கருதி இருவர் ஆட்டத்தையும் தாமே ஆடினார். ஓரிரவு இறைவன் உண்மையாகவே வந்து எதிரே அமர்ந்தான். அதுமுதல் இரவுதோறும் ஆட்டம் நடந்தது. ஒருநாள் விடியும் வேளையில் இறைவனின் மணிமாலை பலகையருகே தங்கிவிட்டது. காலையில் கருவறையில் மாலையைக் காணாத கோயிலார் துறவியிடம் அதனைக் கண்டு அவரைக் கள்வர் என்றனர். இறைவனே வந்து ஆடினான் என்ற அவருடைய சொல்லை எவரும் நம்பவில்லை.

செய்தி அரசனிடம் சென்றது. அவ்வரசன் கிருஷ்ணதேவராயன் எனச் சில வடிவங்கள் கூறும். துறவியை ஓர் அறையில் அடைத்து, வண்டிக் கணக்கில் கரும்பை அதனுள் இட்டு, விடிவதற்குள் அனைத்தையும் உண்டு முடித்தால் அவர் சொல் மெய்யென ஏற்கப்படும் என்றான் அரசன். இரவில் யானை ஒன்று பூட்டிய அறைக்குள் தோன்றிக் கரும்பை முழுதும் தின்று, பிளிறிக்கொண்டு வெளியேறியது. அரசன் துறவியின் சொல்லை ஏற்றான். யானையைக் குறிக்கும் ‘ஹாத்தி’ என்னும் இந்திச் சொல் அவர் பெயரோடு இணைந்து ஹாதிராம் ஆயிற்று.

வேங்கடாசல மாகாத்மியம் கூறும் வராகன், ஆகாசராசன், பத்மாவதி முதலியோர் கதைகளுக்குப் பிற்பட்டதாய், மடத்தின் மரபுவழிச் செய்தியாகவும் மக்கள் வாய்மொழியாகவும் இக்கதை வழங்கிவருகின்றது. கிருஷ்ணதேவராயன் 1513 முதல் 1521 வரை ஏழுமுறை திருமலைக்கு வந்தமை கல்வெட்டுகளால் உறுதிப்பட்ட செய்தி. அவ்வேந்தனின் பெயரைக் கதை ஏற்றுக்கொண்டமை, நாடறிந்த ஓர் அரசனின் ஒப்புதலைத் தன் முடிவுக்குச் சான்றாக்கும் வாய்மொழி மரபின் இயல்பைக் காட்டுகின்றது.

கதைக்கூறுகளும் குறியீட்டுப் பொருளும்

இக்கதையின் குறியீடுகள் பலகை, மாலை, கரும்பு, யானை என நான்காக அமைகின்றன.

பலகை: கோயிலில் இறைவனுக்கும் அடியவனுக்கும் இடையே படிகள், வாயில்கள், அர்ச்சகர், காலமுறை எனப் பல இடைநிலைகள் உள்ளன. வைகானச ஆகமப்படி பூசை நிகழும் திருமலையில் இவை கடுமையாகவே காக்கப்படுகின்றன. பலகையின்முன் இவை எவையும் இல்லை. இருவரும் ஒரே மட்டத்தில் தரையில் அமர்கின்றனர். இருவருக்கும் ஒரே விதி. பகடை தகுதி பாராதது ஆதலின், மொழியும் நாடும் வேறான ஒருவர் தெய்வத்தோடு ஆடுவதற்கு அதுவே பொருத்தமான ஆட்டமாகின்றது. கதையின் பெரும்பான்மை வடிவங்களில் வென்றவர் யார் என்பது முதன்மை பெறாமையும் இதனாலேயாகும். ஆட்டத்தின் பயன் வெற்றியன்று, உடனிருத்தலே.

மாலை: மாலை துறவியிடம் வந்த முறையில் வடிவ வேறுபாடு உண்டு. விடியலில் விரைந்து சென்ற இறைவன் மறந்து விட்டுப்போனான் என்பது ஒன்று. ஆட்டத்தில் தோற்றுக் கொடுத்தான் என்பது மற்றொன்று. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் பொருளில் பெரிது. மறந்துவிட்ட மாலை நெருக்கத்தின் அடையாளம். பந்தயமாக வந்த மாலை உரிமையின் அடையாளம். முதல் வடிவில் துறவி நண்பர்; இரண்டாம் வடிவில் அவர் கோயிற் செல்வத்தில் ஒரு பகுதியை நேர்மையாக வென்றவர். ஒரு கதை பக்தியிலிருந்து உரிமைக்கு நகரும் பாதையை இவ்விரு வடிவங்களையும் அருகருகே வைத்துக் காணலாம்.

கரும்பும் யானையும்: ஆட்டம் நள்ளிரவில் சான்றின்றி நிகழ்ந்தது. மெய்யாகவே நிகழ்ந்ததாயினும் அதனை மெய்ப்பிக்க வழியில்லை. எனவே அரசன் வேறொரு மெய்ப்பித்தலைக் கேட்கின்றான். குற்றம் சாட்டப்பட்டோர் தெய்வத்தைச் சான்றாக்கி ஆணைவழித் தம்மைத் தூயராகக் காட்டும் பழைய வழக்கின் சாயல் இதில் உள்ளது. பகடையின் ஒலியைக் கேட்டவர் எவருமில்லை. யானையின் பிளிறலை ஊரே கேட்டது. ஒருவனது அகநிகழ்வு ஊரறியும் சான்றாக மாறும் இடமே யானையின் வருகை. துறவியின் பெயரில் பகடை இடம்பெறாமல் யானை இடம்பெற்றமை நோக்கத்தக்கது. மரபு நினைவில் நிறுத்தியது விளையாட்டை என்றாலும், பெயரில் பொறித்தது சான்றையே ஆகும்.

இவ்வமைப்பு பாவாஜி கதைக்கு மட்டும் உரியதன்று. முந்தைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் 18ஆம் நூற்றாண்டில் பிறந்த தெலுங்குக் கவிஞர் வெங்கமாம்பா, இளமையில் கணவனை இழந்தும் கைம்மைக் கோலம் ஏலாதவர். திருமலையில் வாழ்ந்து மறைந்தவர். அவர் பாடும் பாடலைக் கேட்க இறைவன் இரவில் வந்தான் என்று மரபு கூறும். கோயிற் பணியில் பிறப்புரிமை இல்லாத வடநாட்டுத் துறவி, சமூகம் ஒதுக்கிய கைம்பெண் ஆகிய இருவரையும் இறைவனே இரவில் தேடி வந்தான் என்பதில் ஒரு பொதுமை உண்டு. பகலில் கோயில் தராத இடத்தை இரவில் தெய்வம் தருகின்றது என்பதே அப்பொதுமை.

சதுரங்கத் தொன்மங்களோடு ஒப்பீடு

திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்திற்கும் இடையே உள்ள திருப்பூவனூர், அப்பர் பாடிய தலம். இறைவன் பெயர் சதுரங்க வல்லபநாதர். தென்பாண்டி நாட்டு அரசன் வசுசேனனின் மகளாக வளர்ந்த இராசராசேசுவரி சதுரங்கத்தில் இணையற்றவளாக இருந்தாள் என்றும், அவளை வெல்பவனுக்கே மணம் என அரசன் அறிவித்தான் என்றும், சிவபெருமான் சித்தர் உருவில் வந்து ஆடி வென்று அவளை மணந்தான் என்றும் தலவரலாறு கூறுகின்றது. வில்வளைத்தலும் ஏறுதழுவலும் வீரத்தை அளப்பனவாக மணக்கதைகளில் வரும். இங்கு அவ்விடத்தில் அறிவை அளக்கும் ஆட்டம் வருகின்றது. பெண்ணின் அறிவுத்திறனே கதையின் தொடக்கம் என்பதும், சித்தனின் எளிய கோலத்தை விடுத்து அவன் ஆட்டத்தை மட்டும் நோக்கி முடிவு செய்யப்படுகின்றது என்பதும் குறிப்பிடத்தக்கன.

கேரளத்து ஆலப்புழை மாவட்டத்திலுள்ள அம்பலப்புழையில் கண்ணன் முதியவராக வந்து செம்பகசேரி அரசனோடு சதுரங்கம் ஆடினான் என்பர். பந்தயம் அரிசி. முதற் கட்டத்திற்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, பின்னர் நான்கு என 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தருதல் வேண்டும். இதன் கூட்டுத்தொகை 20 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும். எந்நாட்டுக் களஞ்சியமும் அதனைத் தர இயலாது. தோற்ற அரசன் தீராக் கடனை நாள்தோறும் பால்பாயசமாகச் செலுத்த ஒப்பினான். அரசனின் செருக்கை எண்ணே அடக்குகின்றது. ஒரு கோயிலின் அன்றாடப் படையல் ஆட்டக் கடனாக விளக்கம் பெறுகின்றது. குபேரனிடம் பட்ட திருமணக் கடனைத் திருமலை இறைவன் காணிக்கையால் தீர்த்துவருகின்றான் என்னும் கதையை இதனோடு எதிர்நிறுத்தலாம். அங்கு அரசன் தெய்வத்திற்குக் கடனாளி. இங்குத் தெய்வமே கடனாளி.

மனிதர் இருவர் ஆடிய சதுரங்கமும் நினைவில் நின்றுள்ளது. கிருஷ்ணதேவராயன் காலத்துப் பொட்டுச்செர்ல திம்மனா என்னும் கவிஞர் சதுரங்கத்தில் வல்லவர் எனவும், வேந்தன் அவருக்குக் கொப்பரம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான் எனவும் தெலுங்குத் தனிப்பாடல் மரபு கூறுகின்றது. இங்குச் சதுரங்கத் திறன் நிலக்கொடையாகின்றது, திறனும் பரிசும் வெளிப்படையானவை, அரசவையே சான்று.

இக்கதைகளில் சதுரங்கம் வரும் இடமெல்லாம் ஆட்டத்திற்கு முடிவும் விளைவும் உண்டு. மணம், கடன், நிலம் என அவ்விளைவு அளவிடத்தக்கது. திருமலைப் பகடைக்கு அத்தகைய முடிவு இல்லை. அது இரவுதோறும் தொடர்வது. குறுக்கிட்டு நிறுத்துவது மாலையைத் தேடிவந்த உலகமே. திறனால் வெல்லும் உரிமைக்குச் சதுரங்கமும், திறனுக்கும் பிறப்புக்கும் அப்பாற்பட்ட உறவுக்குப் பகடையும் குறியீடுகளாகத் தென்னகத் தொன்மங்களில் அமைந்துள்ளன எனக் கொள்ள இவ்வொப்பீடு இடந்தருகின்றது.

கதையும் கோயில் ஆட்சியும்: 1801–1933

திருமலைக் கோயிற் சுவர்களிலுள்ள கல்வெட்டுகளுள் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. அவற்றில் ஸ்தானத்தார் என்னும் குழுவினர் கோயில் நிருவாகத்தை நடத்தியமை பேசப்படுகின்றது. சீயர்கள், ஆசாரிய புருடர், தாள்ளபாக்கத்தார் எனப் பலருக்கும் கோயிலில் உரிமைகள் வகுக்கப்பட்டிருந்தன. விசயநகர ஆட்சியின் வீழ்ச்சிக்குப் பின் கோயில் வருவாய் பல கைகளுக்கு மாறி, இறுதியில் ஆர்க்காட்டு நவாபின் வசமாயிற்று. 1801இல் கர்நாடகப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது கோயில் நிருவாகமும் அதனிடம் வந்தது. அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமான சித்தூரிலிருந்து ஆட்சியர்கள் கோயிலை மேற்பார்த்தனர். 1803இல் ஆட்சியர் ஸ்டிராட்டன் கோயிலைப் பற்றி அறிக்கை அனுப்பினார். 1821இல் புரூஸ் என்னும் அதிகாரியின் பெயரால் அமைந்த 42 விதிகள் கோயிற் பணிகளையும் உரிமைகளையும் வரையறுத்தன.

கிறித்தவ அரசொன்று இந்துக் கோயில்களை நடத்துவதற்கு இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பு 1830களில் வலுத்தது. அதன் விளைவாகக் கோயில் நிருவாகத்திலிருந்து விலகக் கம்பெனி முடிவு செய்தது. 1843இல் திருமலை, திருப்பதிக் கோயில்களின் நிருவாகம் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்து சேவாதாசரிடம் ஒப்படைக்கப்பட்டது. விசாரணகர்த்தா என்னும் பெயரில் அவரும் அவர் வழிவந்தோருமாக ஆறு மகந்துகள் 90 ஆண்டுகள் கோயிலை ஆண்டனர். அவர்களுள் இறுதியானவர் 1900இல் பொறுப்பேற்ற பிரயாகதாசர்.

பகடைக் கதையே இம்மடத்திற்கு ஆட்சியைத் தேடித் தந்தது எனக் கூறுதல் பொருந்தாது. கம்பெனியின் முடிவுக்கு நிருவாகக் காரணங்கள் உண்டு. இராமானந்தி மரபைச் சேர்ந்த இம்மடம் மலையில் நிலைபெற்றிருந்தது. அதன் தலைமை குருவிடமிருந்து சீடருக்குச் செல்வது. ஆதலால் குடும்பவழி உரிமைப் பூசல்களுக்கு அங்கு இடம் குறைவு. கோயிலுக்குள் பரம்பரை உரிமை உடையோர் பலர் இருக்க, அவருள் ஒருவரைத் தேர்வதனினும் வெளியிலிருப்பவரைத் தேர்வது ஆட்சியாளருக்கு எளிது. கதையில் துறவி எந்தப் பரம்பரை உரிமையும் இல்லாத புறத்தவராக இருந்தமையே அவரை ஆட்டத்திற்கு உரியவராக்கிற்று. வரலாற்றிலும் மடத்தின் புறத்தன்மையே அதற்குத் தகுதியாக அமைந்தது எனக் கருத இடமுண்டு. ஆட்சி கைக்கு வந்தபின், தெய்வமே எங்கள் குருவின் எதிரே அமர்ந்தது என்னும் கதை மடத்திற்குப் பெரும் துணையாக இருந்திருத்தல் வேண்டும். விடியற்காலைச் சுப்ரபாத வேளையில் பாலும் வெண்ணெயும் சர்க்கரையும் மடத்தின் சார்பில் கொண்டுவரப்படும் வழக்கம், இரவு ஆட்டத்தைக் காலை வழிபாட்டோடு இணைக்கும் ஒரு கண்ணியாகவே பக்தர் கண்ணுக்குத் தோன்றும்.

ஆயினும் கதை எழுப்பிய அதே கேள்வி மகந்துகளின் காலத்திலும் திரும்ப வந்தது. கோயிற் செல்வம் ஒருவர் கையில் இருக்குமாயின் அவர் அதனை முறையாக வைத்திருக்கின்றார் என்பதற்குச் சான்று என்ன என்பதே அக்கேள்வி. கதையில் அரசன் கேட்டான்; வரலாற்றில் நீதிமன்றங்கள் கேட்டன. நிருவாகத் திட்டம் பற்றிய வழக்கொன்று மகந்து பிரயாகதாசர் காலத்தில், 1907இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. கதையில் யானை வந்து சான்று கூறிற்று. நீதிமன்றத்தில் கணக்கேடுகளே சான்று கூற வேண்டியிருந்தன. இறுதியில் சென்னை மாகாணச் சட்டமன்றம் இயற்றிய திருமலை திருப்பதி தேவஸ்தானங்கள் சட்டம் (1932) 1933இல் நடைமுறைக்கு வந்து, நிருவாகம் மகந்திடமிருந்து குழுவொன்றின் கைக்கு மாறியது. தனிமனித நம்பிக்கையின் இடத்தில் பொதுப் பொறுப்பு வந்தது எனலாம்.

இதற்கிடையே நிலத்தின் எல்லைகளும் மாறின. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. மொழிவழி மாநிலப் பிரிவினையில் அது ஆந்திரத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்திற்கு மாறியது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகச் சித்தூரிலிருந்து பிரிந்தது. எல்லைகள் இவ்வாறு இடம்பெயர்ந்தபோதும், தமிழும் தெலுங்கும் அல்லாத மொழியொன்றைப் பேசிய துறவியின் கதையை இருமொழி மக்களும் தம்முடையதாகவே கொண்டுள்ளமை கருதத்தக்கது.

இக்காலத்தில் ஆட்டக் குறியீடுகள்

பழங்கதைகளின் ஆட்டக் குறியீடுகள் புதிய ஊடகங்களிலும் தொடர்கின்றன. 2017இல் கே. இராகவேந்திர ராவ் இயக்கத்தில் வெளிவந்த ‘ஓம் நமோ வேங்கடேசாய’ என்னும் தெலுங்குத் திரைப்படம் ஹாதிராம் பாவாஜியை நாயகனாகக் கொண்டது. பகடைக் காட்சி அதன் உயிர்ப்பகுதியாகும். 2022 சூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடுக்கு, குதிரை முகமும் வேட்டி சட்டையும் உடைய ‘தம்பி’ சின்னமாக்கப்பட்டான். அதன் தொடக்க விழாவில் இந்தியப் பிரதமர் திருப்பூவனூர்க் கோயிலைக் குறிப்பிட்டார். சதுரங்கக் காய் ஒன்று வேட்டியுடுத்து உறவுமுறைப் பெயர் பெற்றதும், தலவரலாறு ஒன்று உலகப் போட்டியின் முன்னுரையானதும், ஆட்டப்பலகை அயலாரை உறவாக்கும் இடம் என்னும் பழைய கருத்தின் தொடர்ச்சியே எனலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு.

தமிழ் மரபில் ஆட்டக்களம் ஊர்வாழ்வின் அடையாளமாகவும் தெய்வம் உறையும் இடத்தோடு இணைந்ததாகவும் சங்க காலம் முதல் காணப்படுகின்றது.

திருப்பூவனூர், அம்பலப்புழை ஆகிய தலங்களின் கதைகளில் சதுரங்கம் திறனையும் அதன் விளைவையும் குறிக்கின்றது. திருமலைக் கதையில் பகடை, பிறப்பும் மொழியும் திறனும் கடந்த உறவைக் குறிக்கின்றது.

பாவாஜி கதையின் மையச் சிக்கல் சான்று பற்றியதாகும். காண்பாரின்றி நிகழ்ந்த உறவினை ஊர் ஏற்கும் உரிமையாக மாற்ற யானை தேவைப்பட்டது. கோயில் நிருவாக வரலாற்றில் அவ்விடத்தை விதிகளும் வழக்குகளும் சட்டமும் நிரப்பின.

ஆகவே இக்கதையை நடந்த நிகழ்ச்சியாகக் கொள்வதும் வெறும் புனைவாகத் தள்ளுவதும் ஒருதலைப்பட்சமானவை. அயலான் ஒருவன் ஓரிடத்திற்கு உரியவனாவது எவ்வாறு, அவ்வுரிமையை மற்றவர் ஏற்கச் செய்வது எவ்வாறு என்னும் வினாக்களுக்கு ஒரு சமூகம் கண்ட விடையாக அதனைக் கொள்ளுதல் தகும். தமிழின் வடவெல்லையாகிய மலையில் அவ்விடை தோன்றியது தற்செயலன்று. எல்லையில் வாழ்வோரே அயலாரை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். எதிரே அமர்ந்தவன் யார் எனக் கேளாமல் பகடையை அவன் கையில் தரும் மனநிலையே இக்கதையை ஐந்நூறு ஆண்டுக் காலத்துச் செய்தியாக மக்கள் நாவில் நிலைபெறச் செய்துள்ளது எனலாம்.